அஞ்சே கால் வண்டி

தளவானூர்
23.1.2026

கலைக்கு,

மாமா வீரமணி எழுதுவது. பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் தபாலில் வருகிறேன்.

செஞ்சி போஸ்ட் ஆபீசில் கவர் கேட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா, கோர்ட்டு கேசா?" என்றது. "இல்ல மேடம், மச்சினிச்சி கோச்சிக்கினு பூட்டா" என்றேன். "அப்ப கேசுதான்" என்று சொல்லி ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுத்தது. உன் அக்கா ரஞ்சனியின் போனில் உன்னோடு பேசலாம் என்றால் அவள் தரமாட்டேன் என்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் சண்ட போட என் போன் இன்னா கூட்டு ரோடா?" என்று கேட்கிறாள்.

அஞ்சாவதோடு நின்றவன் எழுத்து. அதையும் ஸ்டாண்டில் வண்டி நிறையும்வரை முன்சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆள் ஏறும்போதெல்லாம் பேனா ஓடும். பொறுத்துக்கொள்.

சங்கதி என்னவென்றால், தமிழினி பொங்கல் கழிந்து காலேஜுக்குப் போகவில்லை. கெமிஸ்ட்ரி வேண்டாமாம். காலையில் மல்லாட்டைக் கொடி பிடுங்கிக் கடலை ஆயப் போகிறவர்களோடு காட்டுக்குப் போய்விடுகிறாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அக்காவும் மகளும் பேசி வைத்திருக்கிறார்கள். கெமிஸ்ட்ரி எடு என்று சொன்னதே நீதான், அதனால் சொல்கிறேன்.

காரணம் நீ விட்ட பஸ். கோபப்படாமல் படி. போன வருஷம் உன் காலேஜ் பிள்ளைகளை அழைத்து வந்து, பத்து நாள் நம் வீட்டில் தங்கி, பெண் பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டாய். சாயந்தரம் பஸ் இல்லை என்று கண்டுபிடித்தாய். மனு கொடுத்து நாலு மணிக்கு ஒரு பஸ் வாங்கினாய். ஊரே மாலை போட்டது. நானும் போட்டேன்.

நாலு மணிக்கு கிளாஸ் விட்டதும் பிள்ளைகள் எல்லாம் டிக்கெட் இல்லாத பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் ஷேர் ஆட்டோ முன்பு அந்த நாலு மணிக் கூட்டத்தை இறக்கிவிட்டு, திரும்பி வந்து, லேப் முடிந்து அஞ்சே காலுக்கு வரும் பிள்ளைகளை ஏற்றும். இப்போது போகவே ஆளில்லை, அப்புறம் எங்கே திரும்பி வர? லேப் பிள்ளைகள் ஏழு மணி பஸ் வரைக்கும் செஞ்சி கூட்டு ரோட்டில் நிற்கணும். எந்த வீட்டில் விடுவார்கள்? லேபை விட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸில் ஓடி வருகிறார்கள். தமிழினி நாலு லேப் அப்படி விட்டாள். அப்புறம் காலேஜையே விட்டாள்.

காணும் பொங்கலன்று சொந்தக்காரர் நடுவில் நான் சொன்னது இதைத்தான். கொஞ்சம் சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். நீயோ, நாங்கள் வீம்புக்கு வண்டியை நிறுத்திவிட்டோம் என்றாய். வீம்பு இல்லை கலை. ஆள் இல்லை.

ஸ்டாண்டில் பேசி முடித்துவிட்டோம். பஸ்ஸை எடுக்கச் சொல்லி டிப்போவில் மனு கொடுக்கப் போகிறோம். பஸ் போனால் ஆட்டோ வரும், ஆட்டோ வந்தால் லேப் பிள்ளைகள் போவார்கள். கணக்கு சரிதானே, புரபசரம்மா?

நீ விட்டுவிட்டுப் போன அதிரச டப்பா இங்கேதான் இருக்கிறது. எறும்புக்கும் எனக்கும் போட்டி.

மாமா
வீரமணி


கோயம்புத்தூர்
31.1.2026

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தமிழினி விஷயத்தைச் சொன்னதற்கு நன்றி. அக்கா வாரம் இரண்டு முறை என்னோடு பேசுகிறாள். மாடு கன்று போட்டதுவரை சொன்னவள் இதைச் சொல்லவில்லை.

மனு கொடுக்காதீர்கள். நாலு மணி பஸ் வந்த பிறகு உங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து தமிழும் வணிகவியலும் படிக்கும் பெண்கள் நிற்காமல் வருகிறார்கள். பஸ்ஸை எடுத்தால் அவர்கள் நிற்பார்கள். ஒரு கண்ணுக்கு மருந்து போட இன்னொரு கண்ணைக் குத்த முடியாது.

பஸ்ஸை அஞ்சு இருபதுக்கு மாற்றச் சொல்லி நானே டிப்போவுக்கு எழுதுகிறேன். எல்லோரும் அதில் போகலாம்.

காணும் பொங்கலைப் பற்றி ஒன்று. நீங்கள் பேசியதற்கு எல்லோரும் சிரித்தார்கள். என் மாணவர்களில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். அந்தப் பஸ்ஸைப் பற்றி எழுதிய அறிக்கையை வைத்துத்தான் என் பாடம் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. அது உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழினியிடம் நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம். அவள் பேசும்போது பேசட்டும்.

கலைச்செல்வி


தளவானூர்
27.2.2026

கலைக்கு,

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் விநாயகம் தலைமையில் போய் மனு கொடுத்துவிட்டு வந்திருந்தோம். விநாயகம்தான் எங்கள் ஸ்டாண்டுத் தலைவர், தெரியுமே, மீசையைத் தூக்கிக்கொண்டு உன் காலேஜ் பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டவர். நான் என்ன செய்ய, கடிதம் பத்து மணி போஸ்டில் வந்தது, நாங்கள் எட்டு மணிக்கே போய்விட்டோம்.

இப்போது நடந்ததைக் கேள். சிரிக்காதே. சரி, சிரி.

பஸ்ஸை எடு என்று என் மனு. அஞ்சு இருபதுக்கு மாற்று என்று உன் மனு. நாலு மணிக்கே வேண்டும் என்று காமர்ஸ் பிள்ளைகளின் அப்பாமார் ஒரு மனு. மூன்றும் ஒரே மேஜைக்குப் போயிருக்கிறது. அந்த ஆபீசர் நல்ல மனுஷன், யாரையும் நோகடிக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். பஸ்ஸை நாலு அம்பதுக்கு வைத்துவிட்டார்.

நாலு அம்பது. கிளாஸ் விட்ட பிள்ளைகள் அம்பது நிமிஷம் வெயிலில் காத்திருக்கிறார்கள். லேப் பிள்ளைகள் அஞ்சு மணிக்கு வெளியே வந்தால் பஸ்ஸின் புகைகூட இருக்காது. எங்களுக்கோ, நாலு மணிக் கூட்டமும் இலவச பஸ்ஸுக்கே காத்திருக்கிறது, சந்தைக்கு வந்து திரும்புகிற பொம்பளைகளும் அதிலேயே போய்விடுகிறார்கள். முன்பு பாதிப் பேருக்குக் கஷ்டம். நீயும் நானும் சேர்ந்து எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டோம்.

மறுபடி டிப்போவுக்குப் போனேன். "இனிமே அடுத்த டைம் டேபிள்தான். ஒரு ரூட்டுக்கு இத்தன மனு நான் பாத்ததே இல்லப்பா. உங்களுக்குள்ள பேசிக்கவே மாட்டீங்களா?" என்றார். இல்ல சார், நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆட்டோக்காரர்கள் எல்லாம் இப்போது அஞ்சு மணி ஆனால் கோட்டை வாசலுக்குப் போய்விடுகிறார்கள். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்து உலகப் பேர் கிடைத்ததிலிருந்து கோட்டை பார்க்க நிறைய வருகிறார்கள், அஞ்சு மணிக்கு வெளியே அனுப்புகிறார்கள், அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். நானும்தான் போகிறேன். ராஜகிரி மலை ஏறி இறங்கினவனுக்குப் பேரம் பேசத் தெம்பு இருக்காது.

மல்லாட்டை வேலை முடிந்தது. தமிழினி இப்போது சும்மா இருக்கிறாள். அது எனக்கு வேலைக்குப் போனதைவிட பயமாக இருக்கிறது. வந்து பெண் பார்க்கலாமா என்று ஒரு சொந்தத்தில் கேட்டு விட்டிருக்கிறார்கள். உன் அக்கா ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உன் படிப்பில் இதற்கு ஏதாவது இருக்கிறதா? கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

மாமா


கோயம்புத்தூர்
7.3.2026

மாமாவுக்கு,

சிரித்தேன். பக்கத்து அறைப் பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

என் படிப்பில் இருக்கிறது. ஆனால் மருந்துபோல் இல்லை. இத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். பஸ், ஆட்டோ, லேப், வீடு என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறேன். ஆட்டோ குறைந்தால் பெண்கள் குறைவார்கள், பெண்கள் குறைந்தால் ஆட்டோ இன்னும் குறையும். சுற்றிச் சுற்றி வரும். இப்படிப்பட்ட வட்டத்தில் ஒரு இடத்தில் அழுத்தினால் இன்னொரு இடத்தில் வீங்கும். அதுவும் உடனே வீங்காது, நாலு மாதம் கழித்து வீங்கும். அதற்குள் நாம் மாலை வாங்கிக்கொண்டு போய்விடுவோம்.

நான் நடத்தும் பாடம் இதுதான். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு துறையும் தன் அறையைச் சுத்தமாகப் பெருக்கிக் குப்பையை வராந்தாவில் தள்ளுகிறது. வராந்தா எந்தத் துறை என்று கேட்டால் பதில் வராது. என் வகுப்பில் வராந்தாவைப் பார்க்கிறோம். இயற்பியல் பையனும் சமூகப்பணிப் பெண்ணும் கணக்குப் பெண்ணும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே சிக்கலைப் பார்க்க வேண்டும். அதனாலேயே, இந்தப் பாடம் எந்தத் துறையின் கீழ் வரும், யார் மார்க் போடுவது என்று ஒவ்வொரு ஆண்டும் கூட்டம் போட்டுக் கேட்கிறார்கள். இந்த மே மாதமும் கேட்பார்கள்.

படத்தில் ஆட்டோ என்று எழுதிய கட்டத்தைப் பாருங்கள். உள்ளே வெறும் கேள்விக்குறி. அந்தப் பத்து நாளில் என் மாணவர்கள் பெண்களைக் கேட்டார்கள், பெற்றோரைக் கேட்டார்கள், பஸ் கண்டக்டரைக் கேட்டார்கள். ஆட்டோக்காரரை யாரும் கேட்கவில்லை. ஆட்டோக்காரர் அப்போது அவர்களுக்கு நுங்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமாவை யார் பேட்டி எடுப்பார்கள்?

இப்போது எடுக்கிறேன். ஒரு வண்டி கிளம்ப எது வேண்டும்? அஞ்சே காலுக்கு ஸ்டாண்டில் நிற்கும் பெண்கள் எத்தனை பேர், யார் யார்? எல்லா நாளும் அதே எண்ணிக்கையா?

பதில் வரும்வரை நீங்கள் எந்த மனுவும் கொடுக்காதீர்கள். நானும் கொடுக்க மாட்டேன். பெண் பார்க்க வருவதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

கலை


தளவானூர்
22.3.2026

அன்புள்ள கலைக்கு,

உன் படத்தை வண்டியில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ஏறுகிறவர்கள் எல்லாம், "இது இன்னா யந்திரத் தகடா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், கோயம்புத்தூரில் செய்தது, வண்டிக்கு ஆள் வரும் என்றேன். ஒரு அம்மா தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கியது.

முதல் கேள்விக்கு எனக்கே பதில் தெரியும். பத்து பேர். ஸ்டாண்டில் வரிசை உண்டு. முதல் வண்டி பத்து ஆகாமல் கிளம்பக் கூடாது. முதல் வண்டி கிளம்பாமல் இரண்டாவது வண்டி ஆள் ஏற்றக் கூடாது. எட்டு பேரோடு ஒருத்தன் கிளம்பினால் அடுத்தவன் ஆறோடு கிளம்புவான், கடைசியில் எல்லோரும் அடித்துக்கொள்வோம். அதற்காக வைத்த விதி. மீறினால் விநாயகம் ஒரு வாரம் வரிசையை விட்டு நிறுத்திவிடுவார்.

மற்ற இரண்டு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த நேரம் நான் கோட்டை வாசலில் இருக்கிறேன். தமிழினியிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சரி என்று நானே தப்புத் தப்பாகச் சொல்ல ஆரம்பித்தேன். "லேப் புள்ளைங்க இன்னா, ஒரு முப்பது பேரு இருப்பாங்களா? எல்லாம் ஊர்சுத்தற கும்பல்தான?" என்றேன். வந்ததே கோபம்.

"முப்பது இல்ல, பத்து. ஜெயக்கொடியச் சேத்து பத்து. செவ்வாய்க்கிழம பிசிக்ஸ்ல ரெண்டு பேரு, கெமிஸ்ட்ரில ஒருத்தி. புதனுக்கு பாட்டனி ரெண்டு. வியாழனுக்கு நானும் பனமலைக்காரி ஒருத்தியும். வெள்ளிக்கு மிச்சம். நாங்க பத்து பேரு நைனா, ஆனா ஒருநாளும் பத்து பேரா நின்னதில்ல. ரெண்டு பேரா, மூணு பேரா நின்னா உன் வண்டி எடுப்பியா நீ?"

எடுக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. என் பெண்ணாகவே இருந்தாலும்.

ஜெயக்கொடி என்பது மண்டகப்பட்டுப் பிள்ளை, பிசிக்ஸ். நவம்பரிலேயே நின்றுவிட்டாள். கூட்டு ரோட்டில் எங்கள் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஜவுளிக்கடையில் சேலை பிரித்துக் காட்டுகிறாள். இத்தனை நாளாக எதிரில் பார்க்கிறேன், அவள் பாதியில் நின்ற பிள்ளை என்று எனக்குத் தெரியாது.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு, வண்டி ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் வண்டி ரிப்பேரானால் அவர்கள் ஏன் வரக் கூடாது என்று அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

மாமா


கோயம்புத்தூர்
30.3.2026

அன்புள்ள மாமா,

தமிழினி சொன்ன ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். நாங்க பத்து பேரு, ஆனா ஒருநாளும் பத்து பேரா நின்னதில்ல. யார் சொன்னது என்று மாணவர்கள் கேட்டார்கள். என் அக்கா மகள் என்றேன்.

லேபுக்கு ஒரே நேரத்தில் எல்லோரையும் விட முடியாது. அதனால் வகுப்பைப் பிரித்து ஆளுக்கொரு நாள் கொடுப்பார்கள். எப்படிப் பிரிப்பார்கள் தெரியுமா? ஆங்கில எழுத்து வரிசையில். ஏ-யில் தொடங்கும் பெயர்கள் ஒரு நாள், டி-யில் தொடங்கும் பெயர்கள் வேறு நாள். யாருக்கும் வருத்தம் வராது, சிபாரிசு செல்லாது, நல்ல முறைதான். நானும் அப்படித்தான் பிரிக்கிறேன், எட்டு வருடமாக. பெயரின் முதல் எழுத்துக்கும் ஒரு பெண் வீடு திரும்பும் வழிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உங்கள் விதி பத்து பேர். அவர்கள் விதி எழுத்து வரிசை. இரண்டும் தனித்தனியாக நியாயமானவை. இரண்டும் கூட்டு ரோட்டில் சந்திக்கும் இடத்தில்தான் தமிழினி நிற்கிறாள்.

உங்கள் விதியை மாற்றச் சொல்ல மாட்டேன். மாற்றினால் நீங்கள் சொன்னபடி அடிதடிதான். அந்தப் பத்துப் பேருக்கும், எந்தத் துறையானாலும், ஒரே நாளில் லேப் வைத்தால் போதும். புதன் என்று வையுங்கள். அஞ்சே காலுக்குப் பத்து பேர் நிற்பார்கள். வண்டி தானாக வந்து நிற்கும்.

அதற்கு வேதியியல், இயற்பியல், தாவரவியல் மூன்று துறைத் தலைவர்களும் ஒன்றாக உட்கார வேண்டும். நான் வெளியூர் ஆள், எழுதினால் இன்னொரு மனுவாகிவிடும். தமிழினியின் அப்பாவாக நீங்கள் போய்ப் பேசுங்கள்.

கலை


தளவானூர்
12.4.2026

அன்புள்ள கலைக்கு,

போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கெமிஸ்ட்ரிக்குப் பெரியவர் கோதண்டராமன் சார். தங்கமான மனுஷன், உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது நியாயம். ஆனா பேட்ச்சுங்கறது அகரவரிசை. அது விதி. நான் மாத்தினா பிசிக்ஸ்காரர் மாத்தணும், பாட்டனி மேடம் மாத்தணும். அவங்க டிபார்ட்மெண்ட்ல நான் தலையிட முடியாதுங்க" என்றார்.

பிசிக்ஸ் சார், கெமிஸ்ட்ரி ஒத்துக்கொண்டால் பார்க்கலாம் என்றார். பாட்டனி மேடம், அவர்கள் இரண்டு பேரும் சரி என்றால் எனக்குச் சரி என்றது. மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று ரூமும் ஒரே வராந்தாவில் இருக்கின்றன. நான்தான் அந்த வராந்தாவில் மேலும் கீழும் நடந்தேன். நீ சொன்ன வராந்தாவை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லேபை அரைமணி முன்னாலேயே விடக் கூடாதா, நாலு அம்பது பஸ்ஸைப் பிடிப்பார்களே என்றும் கோதண்டராமன் சாரிடம் கேட்டேன். "மூணு மணி நேரம் பல்கலைக்கழக விதி. தவிர, கொதிக்கிறது பஸ் டைம் பாத்துக் கொதிக்காதுங்க" என்றார். அதுவும் சரிதான்.

தமிழினி ரெகார்டு நோட்டையும் வெள்ளைக் கோட்டையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். லேப் பரீட்சை எழுத முடியாது, வருகை இல்லை. மற்ற பேப்பரை வருகைக் குறைவுக்கு அபராதம் கட்டி எழுதலாமாம், எழுதச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

மாமா


கோயம்புத்தூர்
18.4.2026

அன்புள்ள மாமா,

மற்ற பேப்பர்களை எழுதச் சொல்லுங்கள். லேப் ஒன்றுதான் அரியர் ஆகும். ஜூனில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்துவிட்டால் பிறகு எழுதிக்கொள்ளலாம். சேராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

துறைத் தலைவர்கள் மறுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. யாரும் மறுக்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மூன்று பேரும் அடுத்தவருக்காகக் காத்திருக்கிறார்கள். உங்கள் ஸ்டாண்டு மாதிரி. முதல் வண்டி கிளம்பாமல் இரண்டாவது வண்டி கிளம்பாது.

ஜூனில் பேட்ச் போட்டுவிடுவார்கள். அதற்குள் மூன்று பேரும் ஒரே இடத்தில் ஒரு அரைமணி நேரம் உட்கார வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. என் பல்கலைக்கழகத்திலேயே எட்டு வருடமாக முயல்கிறேன்.

கலை


தளவானூர்
29.4.2026

அன்புள்ள கலைக்கு,

உட்கார வைத்துவிட்டேன். அரைமணி கேட்டாய், முக்கால் மணி.

காலேஜ் சூப்பரின்டெண்டெண்டுக்கு மண்டகப்பட்டில் புது வீடு. நேற்றுச் சாயந்தரம் விருந்து. பரீட்சை டூட்டி முடிந்து நம் மூன்று புரபசரும் மொய்க் கவரோடு ஸ்டாண்டுக்கு வந்தார்கள். மணி அஞ்சே கால். முதல் வண்டி என்னுடையது. சத்தியமாக நான் திட்டம் போடவில்லை, வரிசை அப்படி அமைந்தது. சரி, விநாயகத்திடம் சொல்லி வரிசையைக் கொஞ்சம் மாற்றி வைத்திருந்தேன். விருந்துப் பத்திரிகையை நானும் முன்னாலேயே பார்த்திருந்தேன்.

மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். நான் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நின்றேன்.

"எடுங்கப்பா" என்றார் பிசிக்ஸ் சார்.

"மூணுதான் சார் ஆயிருக்குது. பத்து ஆவணும்."

"இந்நேரத்துக்கு எங்கிருந்து பத்து பேர் வருவாங்க?"

"அதான் சார் எங்களுக்கும் தெரியல. லேப் புள்ளைங்க வரும். என்னிக்கு எத்தினி வரும்னு அந்தந்த டிபார்ட்மெண்டுதான் சொல்லணும்."

கோதண்டராமன் சார் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "மொத்தப் பத்து சீட்டுக்கும் நானே தந்துடறேன், எடு" என்றார். "ஸ்டாண்டு விதி சார். தலையாத்தான் எண்ணுவாங்க. பேட்ச்சு மாதிரி" என்றேன். விநாயகம் மீசையைத் தடவிக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினார்.

பத்து நிமிஷம் போனது. வேர்த்துக் கொட்டுகிறது. அப்புறம் பாட்டனி மேடம்தான் ஆரம்பித்தது. "சார், உங்க லேப் என்னைக்கு?" இவர் செவ்வாய் என்கிறார். அவர் வியாழன் என்கிறார். "நமக்குள்ள இதுவே தெரியாதா? பதினோரு வருஷமா ஒரே பஸ்ல வரோம்" என்று அந்த மேடம் சிரித்தது. பிசிக்ஸ் சார் மட்டும், கருவி எட்டு பேருக்குத்தான் இருக்கிறது, இந்த ரோட்டுப் பிள்ளைகளைப் புதனில் சேர்த்தால் வேறு நாலு பேரை மாற்றணும் என்றார். மாற்றுங்கள் என்றார் கோதண்டராமன் சார். விருந்துப் பத்திரிகையின் பின்னால் எழுதினார்கள். பேனா என்னுடையது.

எழுதி முடித்ததும் சார் என்னைப் பார்த்தார். "இப்பவாவது எடுப்பியா, இல்ல இன்னும் ஏழு பேர் வேணுமா?"

"வேணும் சார்."

"உன் பொண்ணு உன்ன மாதிரிதான். டைட்ரேஷன்ல ஒரு சொட்டுக்காக மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும்" என்றார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் திரும்பி வண்டிக் கண்ணாடியைத் துடைத்தேன்.

அப்புறம் பூக்காரம்மாக்கள் வந்தார்கள், கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது விருந்தில் பந்தி முடிகிற நேரம். பாயசம் தீர்ந்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை.

தமிழினி மூன்று பேப்பர் எழுதிவிட்டாள். நடந்ததை அவளிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தத் தடவை உன் அக்காவே சொல்லிவிட்டாள். பெண்ணுக்கு வண்டி வந்துவிட்டதாம்.

மாமா


கோயம்புத்தூர்
24.5.2026

அன்புள்ள மாமா,

இந்தக் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். பாயசம் தீர்ந்த இடம்வரை படித்தேன்.

எங்கள் கூட்டம் முடிந்தது. எந்தத் துறை என்று வழக்கம்போல் கேட்டார்கள். நான் பஸ் அறிக்கையின் வெற்றியைக் காட்டவில்லை. நாலு அம்பது பஸ்ஸைக் காட்டினேன். நாங்கள் சரிசெய்ததால் என்னென்ன கெட்டது என்று வரைந்து காட்டினேன். ஒருவர், இது தோல்விதானே என்றார். ஆமாம், மாணவர்கள் அடுத்த ஆண்டும் அதே ரோட்டுக்குப் போக வேண்டும், ஒரு தடவை போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் இது தெரியாது என்றேன். ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். அதற்குமேல் நான் எதிர்பார்க்கவில்லை.

ஒன்று சொல்லிவைக்கிறேன். புதன்கிழமை வண்டி ஓடத் தொடங்கியதும் எல்லாம் மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். கெட்டது எப்படித் தாமதமாக வந்ததோ அப்படித்தான் நல்லதும் வரும். முதல் வாரம் பார்த்துவிட்டு ஸ்டாண்டில் யாரையும் கிண்டல் செய்யாதீர்கள்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். காலை வணக்கப் படங்கள் அனுப்பினால் மறுபடி மூடிவிடுவேன்.

கலை


தளவானூர்
24.7.2026

அன்புள்ள கலைக்கு,

நம்பரைத் திறந்த அன்றே நாலு காலை வணக்கம் அனுப்பினேன், நீ மூடவில்லை. ஆனாலும் இது போனில் சொல்கிற சங்கதி இல்லை. அதனால் போஸ்ட் ஆபீஸ். அந்த அம்மா, "இன்னும் கேசு முடியலையா?" என்று கேட்டது. வாய்தா என்றேன்.

காலேஜ் திறந்தது. புதன்கிழமை என்று மூன்று டிபார்ட்மெண்டும் போர்டில் ஒட்டினார்கள். தமிழினி பரண்மேல் ஏறி மூட்டையை இறக்கினாள். வெள்ளைக் கோட்டில் பல்லி முட்டை வைத்திருந்தது.

ஜூலை முதல் புதன். அஞ்சே காலுக்கு நின்றார்கள். எண்ணினேன். ஒன்பது. பத்தாவது ஜெயக்கொடி, அவள்தான் நின்றுவிட்டாளே. நீயும் நானும் படம் போட்டுக் கணக்குப் பண்ணி, மூன்று புரபசரை வேர்க்க வைத்து, ஒரு தலை குறைகிறது. விநாயகம் வண்டிமேல் கை வைத்துக்கொண்டு, "பத்தாகலையே வீரமணி" என்கிறார். நல்லவேளை, சந்தைக்கு வந்த உன் அக்கா பையோடு வந்து ஏறினாள். அடுத்த புதன் ஆட்டுக்குட்டியோடு ஒரு பெரியவர். மூன்றாவது புதன் ஒருவரும் இல்லை. பிள்ளைகள் முகம் சுருங்குகிறது, பொழுது போகிறது. விநாயகமே ஏறி உட்கார்ந்தார். "தளவானூர்ல எனக்கு ஒரு வேலையும் இல்ல. விதின்னா விதிதான்" என்றார். போய்விட்டு ஏழரை மணி பஸ்ஸில் திரும்பினார்.

முந்தாநாள் நாலாவது புதன். ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்க் கடையிலிருந்து ஜெயக்கொடி ரோட்டைக் கடந்து வந்தாள். கடை சேலை, கழுத்தில் கடை அட்டை. மூன்று வாரமாகக் கடை வாசலிலிருந்து எங்கள் வண்டி கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சீட்டு இருக்குதா?" என்றாள்.

"நீ ஒம்போது மணிக்குத்தான கடைய விட்டு வருவ?" என்றாள் தமிழினி.

"இன்னிக்கு பர்மிஷன் கேட்டுட்டேன். மாசக் கடைசி வரைக்கும் திரும்பச் சேரலாமாம், எங்க பிசிக்ஸ் சார் சொன்னாரு. எங்கம்மா நம்ப மாட்டேங்குது. இருட்டறதுக்குள்ள வந்து இறங்கிடுவேன்னு அது கண்ணால பாக்கணுமாம்."

தமிழினி நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். விநாயகம் வண்டியிலிருந்து கையை எடுத்தார். நான் எடுத்தேன். வழியெல்லாம் பிள்ளைகள் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை கலை. நம்பமாட்டாய், தமிழினியைக் கேட்டுப் பார். நான் ஏதாவது சொல்லி அது கெட்டுப்போய்விடுமோ என்று இருந்தது.

தளவானூரோடு மற்றவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தமிழினி இறங்கவில்லை, மண்டகப்பட்டுவரை வருகிறேன் என்றாள். கடைசி நிறுத்தத்தில் ஜெயக்கொடியின் அம்மா ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தது. மகள் இறங்கியதும் அந்த அம்மா முதலில் அவளைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தது.

வெளிச்சம் இருந்தது.

மாமா
வீரமணி